மாற்றிப் படித்த கதை

பத்து நொடி. வாட்ஸாப்பில் வந்த அந்தக் குரல் செய்தியின் நீளம் அவ்வளவுதான். செம்பூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் காய், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். "ஏ மாட்டுங்கா, கதை எழுதிருக்கியாம்லா? ஊரே சொல்லுது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. ஞாயித்துக்கெழம வந்து படிச்சுக் காட்டு." காய்க்காரர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்று மறுபடியும் கேட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் இன்னும் நாலு தடவை. குரலில் கோபம் இருக்கிறதா, வருத்தமா, இல்லை வழக்கமான கேலிதானா? ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் என்மேல் கோபப்பட்டதே கிடையாது. கோபப்பட்டால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று வியாழக்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவளுக்கு நான் மாட்டுங்கா, எனக்கு அவள் தாராவி. செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆபீஸில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது இருவருக்கும் ஒரே பெயர். ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினோம். அக்கவுன்ட்ஸில் இருந்த குஜராத்திக்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிற ஊரை வைத்து எங்களைப் பிரித்துவிட்டார். மாட்டுங்காவில் அப்பா அம்மாவோடு இருந்த நான் டைப்பிஸ்ட், வேலை நிரந்தரம். தாராவியிலிருந்து வந்த அவள் டெஸ்பாட்சில் உறைகளுக்கு விலாசம் அடிக்கிறவள்; டெம்பரரி. கல்யாணமாகி நான் செம்பூருக்கே குடிவந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. இன்னும் அவளுக்கு நான் மாட்டுங்காதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாராவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வாயைத் திறந்தால் திருநெல்வேலியே வந்து இறங்கும். ஆனால் படித்ததெல்லாம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில், இந்தியில். அவர்கள் கிறிஸ்தவர்கள்; தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பக்கம் புரட்டும்போது தானும் புரட்டுவாள். பாட்டெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் நின்று பாடுகிறவர்களுக்குக்கூட விஷயம் தெரியாது. எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ரகசியத்தை நம்பித்தான் நான் அந்தக் கதையை எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கதை எதைப் பற்றியது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கார்டு அடிக்கிற மெஷினிலிருந்து தொடங்க வேண்டும். ஆபீஸ் வாசலில் அது இருந்தது. பெயர் எழுதிய அட்டையை அதன் வாயில் செருகினால் வந்த நேரம் பதியும். ஒன்பதேகாலுக்கு மேல் போனால் சிவப்பு மையில் பதியும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் என் பஸ் வராது, சயனில் நின்றால் அவள் பஸ் வராது. ஆகவே யார் முதலில் வந்து சேர்கிறாளோ அவள் இரண்டு அட்டையையும் அடித்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். நாங்கள் மட்டுமில்லை, ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதி ஆபீஸ் இப்படித்தான் நடந்தது. வாசலில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்கே அந்த நேரம் பார்த்து பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. ரயிலும் பஸ்ஸும் செய்கிற குற்றத்துக்கு நாம் ஏன் சிவப்பு மை வாங்க வேண்டும்? ஆனால் மழை நின்றால் ஏற்பாடும் நின்றுவிட வேண்டும். அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்டது பிப்ரவரி மாதத்தில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

எனக்கு அன்று வேறொரு இடத்தில் இன்டர்வியூ. ஃபோர்ட்டில் ஒரு பெரிய ஆபீஸ். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி வைத்தது. தாராவியிடம் நான் மூச்சு விடவில்லை. அவள் விரல் என்னைவிட வேகம். உறைக்கு விலாசம் அடித்து அடித்து அப்படியொரு வேகம் வந்திருந்தது. நான் ஒரு கடிதம் முடிப்பதற்குள் அவள் ஒன்றரைக் கடிதம் முடிப்பாள். விஷயம் தெரிந்தால் அவளும் வருவாள், வந்தால் அவளைத்தான் எடுப்பார்கள் என்று பயந்தேன். அதனால் முந்தின நாள் சாயங்காலம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைடி. நாளைக்குக் காலம்பற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போகணும். பன்னெண்டுக்குள்ள வந்துடறேன், கார்டை மட்டும் அடிச்சுடு" என்றேன். அவள் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள். "மழ இல்லியே பிள்ளே" என்றாள். அடுத்த நொடியே, "சோடு, அத விடு, நான் பாத்துக்கிடுதேன். நீ அம்மையைக் கவனி" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜருக்கு ஒரு கடிதம் அவசரமாக வேண்டியிருந்திருக்கிறது. அட்டை நான் வந்துவிட்டதாகச் சொல்கிறது, நாற்காலி காலி. யார் அடித்தது என்று விசாரித்திருக்கிறார்கள். பார்த்த ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கோ இன்டர்வியூ மூன்று மணி வரை இழுத்துவிட்டது. சரியாகச் செய்யவில்லை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதால் ஆபீஸுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் மாட்டுங்காவுக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் பியூன் என்னை நிறுத்தி நடந்ததையெல்லாம் சொன்னான். ஆக, மேனேஜர் அறைக்குள் போகும்போது எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் உளறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

"நீ சொல்லித்தான் அவள் அடித்தாளா?" என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கு என்மேல் கோபமொன்றும் இல்லை. "இல்லை சார், எனக்குத் தெரியாது" என்றேன். அவர் தலையாட்டினார். "அவளும் அதையேதான் சொல்கிறாள். நானாகத்தான் அடித்தேன், அவள் கேட்கவில்லை என்கிறாள்." இருவர் பேச்சும் ஒத்துப்போனதில் அவருக்கு நிம்மதி. நான்தான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், ஒரு இன்க்ரிமென்ட் நின்றிருக்கும். நிரந்தர வேலை, வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். அவள் டெம்பரரி. அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அறைக்கு வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "டென்ஷன் எடுக்காதட்டி, ஒனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். சரி என்று படியிறங்கிப் போய்விட்டாள். அந்த ஃபோர்ட் வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை.

தாராவியின் வீட்டில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். அதற்குப் பிறகு அப்படியொரு நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் பதினைந்து வருஷம் தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்தாள். ஆனால் என்னை விடவில்லை. என் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டாள், என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூட இருந்தாள், மாதம் ஒரு ஞாயிறாவது நான் அவள் வீட்டிலோ அவள் என் வீட்டிலோ. கார்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு ஜாடை, ஒரு பெருமூச்சுகூடக் கிடையாது. அவள் பேசாமல் இருந்ததுதான் என்னைத் தின்றது. "ஏட்டி, ஒண்ணு கேக்கணும்" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். இதோ வந்துவிட்டது என்று நினைப்பேன். மாட்டுங்காவில் காப்பிப்பொடி எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று கேட்பாள். இப்படி எத்தனையோ முறை செத்துப் பிழைத்திருக்கிறேன். எனக்கு நானே ஒரு சமாதானமும் தயார் செய்து வைத்திருந்தேன்: அவளே நானாகத்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டாளே, நான் என்ன சொல்லியிருந்தாலும் என்ன மாறியிருக்கும்? பகலில் அந்தச் சமாதானம் நன்றாகவே வேலை செய்தது.

ரிட்டயர் ஆன பிறகு எழுத ஆரம்பித்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் செயலாளர் ஒரு கதை கேட்டார். உட்கார்ந்தால் வேறெதுவும் வரவில்லை, கார்டுதான் வந்தது. நடந்தபடி எழுதத்தான் நினைத்தேன். 'நான்' என்று ஆரம்பித்து, மேனேஜர் அறை வரைக்கும் வந்தேன். அந்தக் கதவைத் தாண்டிப் பேனா நகரவில்லை. நாலு நாள் அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் ஆட்களை இடம் மாற்றினேன். கதையில் வரும் 'நான்' டெஸ்பாட்சில் இருக்கிறவள். தோழிக்காக அட்டையை அடித்து மாட்டிக்கொண்டவள் நான். தோழிதான் மேனேஜரிடம் போய் எனக்குத் தெரியாது என்று கைவிரிக்கிறாள். மாற்றியதும் கதை மடமடவென்று ஓடியது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இடத்தை எழுதும்போது நான் நிஜமாகவே அழுதேன். அவளுக்கு நடந்ததை என்மேல் போட்டுக்கொண்டு அழுதேன். நான் செய்ததை அவள் தலையில் கட்டினேன். கதைதானே என்று நினைத்தேன். அவள் எங்கே படிக்கப் போகிறாள் என்றும் நினைத்தேன்.

கதை நன்றாக வந்துவிட்டது, அதுதான் வினை. மலரைச் சங்கம் இணையத்திலும் ஏற்றிவிட்டது. செம்பூரிலிருந்தும் தாணேயிலிருந்தும் போன் செய்து, "அப்படி ஒரு தோழி இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்கணும் மேடம்" என்றார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் 'கதைகளில் நட்பும் விசுவாசமும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கதையில் நட்பைச் சோதிக்க வேண்டுமானால் வில்லன் தேவையில்லை, வாள் தேவையில்லை, ஒருத்தியிடம் இழப்பதற்குச் சின்னதாக ஏதாவது இருந்தால் போதும் என்றேன். சின்னதாக இருப்பது முக்கியம். உயிரே போகும் என்றால் தோழியைக் கைவிட்டவளை வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள், ஒரு இன்க்ரிமென்ட்டுக்காகக் கைவிட்டால் மன்னிக்க மாட்டார்கள் என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "இது உங்களுக்கு நிஜமா நடந்ததா?" என்று கேட்டார். நான் கொஞ்சம் தலைகுனிந்து, "ஓரளவுக்கு" என்றேன். அரங்கம் உச்சுக் கொட்டியது. கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்தார். தான் இருப்பது தாராவியில் என்றும், என் சிநேகிதியின் வீட்டுக்கு அடுத்த கட்டடம் என்றும், என்னை அங்கே அடிக்கடி பார்த்திருப்பதாகவும் சொன்னார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். நாலாம் நாள்தான் அந்தப் பத்து நொடி செய்தி வந்தது.

அந்த மூன்று நாட்களில் நான் யோசிக்காத தந்திரம் இல்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? செயலாளரிடம் சொல்லி இணையத்திலிருந்து கதையை எடுக்கச் சொல்லலாமா? வேறொரு கதையை எடுத்துப் போய் இதுதான் என்று படித்துவிடலாமா? "கதைதானே, போய்ப் படிச்சுட்டு வாயேன்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கும் நான் எதையும் சொன்னதில்லை. சனிக்கிழமை சோறு இறங்கவில்லை. நான் பயந்தது திட்டுக்கு இல்லை. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதி அவள். ஆபீஸில் நாற்பது பேரோடு வேலை பார்த்தேன், ரிட்டயர் ஆன பிறகு ஒருவர் போன் செய்ததில்லை. அவள் ஒருத்திதான் செய்கிறாள். அவளும் போய்விட்டால் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். இடித்துக் கட்டுவதற்காகச் சர்வேக்காரர்கள் பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போன கதவைத் தாண்டினால் அவள் ஹால். அவள் மகன் வெளியே போயிருந்தான். கோயிலுக்குக் கட்டிய புடவையை மாற்றாமல் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சாயாவைக் கொடுத்துவிட்டு, "சல், ஆரம்பி" என்றாள். மலரைப் பிரித்தேன். மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வரியைப் படிக்க வாயெடுத்தபோதுகூட என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது அச்சில் இருந்த வரி அல்ல.

திருப்பிப் போட்டுப் படித்தேன். 'நான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'அவள்' என்றேன், 'அவள்' என்று இருந்ததை 'நான்' என்றேன். அவள் அட்டையை அடித்தாள், நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நான் மேனேஜரிடம் எனக்குத் தெரியாது என்றேன், அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். 'சொன்னேன்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே 'சொன்னாள்' என்று படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். வரிக்கு வரி தடுக்கி விழுந்தேன், இருமினேன், தண்ணீர் கேட்டேன். அவளைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிப் படித்தேன். பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது, வாழ்நாளில் முதல் தடவையாக அவள் எதிரில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடம் வந்தபோது குரல் உடைந்தது. முடித்தேன். நிமிரவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் தாராவி. ஒரு பூண்டுப் பல்லை நகத்தால் கிள்ளிப் பிரித்தாள். "ஆனா புக்குல வேற மாதிரில்லா இருக்கு."

மலரை மூடினேன்.

"மகன் போன்ல ஒன் கதைய எடுத்து என்னத்தையோ தட்டிக் கொடுத்தாம்ட்டி. போனுக்குள்ளேந்து ஒரு பொம்பள வாசிக்கா. ஒன்ன மாதிரி இருமல, தண்ணி கேக்கல, ஒரே மூச்சா வாசிச்சுட்டுப் போறா. மூணு தடவ கேட்டேன்." சிரித்தாள். கேலிச் சிரிப்புதான். "மொத தடவ கேக்கும்போது ஒன் மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ அழுகையா வந்துச்சு. மூணாந் தடவ, போட்டும், பிள்ளைக்குச் சொல்ல முடியல, அதான் இப்பிடி எழுதிருக்கான்னு நெனச்சேன். வந்து என்ன செய்யுதான்னு பாப்போம்னுதான் கூப்ட்டேன்."

நான் அழுதேன். மன்னித்துவிடு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பூண்டு வாசனை கண்ணில் எரிந்தது. போதும் போதும் என்று முதுகில் தட்டினாள். முடிந்தது, மூன்று நாளாக என் கழுத்தை நெரித்தது முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"அது சரி, எல்லாத்தையும் மாத்துன. ஆஸ்பத்திரியை மட்டும் ஏன் மாத்தல? புக்குலயும் ஆஸ்பத்திரி, இப்பமும் ஆஸ்பத்திரி."

நான் தரையில் கிடந்த பூண்டுத் தோலைக் கூட்டிச் சேர்த்தேன்.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் ஒங்க வீட்டுக்கு வந்தேம்ட்டி. மாட்டிக்கிட்டோம், நாளைக்கு மேனேஜர் கேட்டா என்ன சொல்லணும்னு ஒனக்குச் சொல்லணும்லா. ஒங்கம்மதான் கதவத் தொறந்தாவ. நல்லாத்தான் இருந்தாவ, அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தாவ. காப்பி போட்டுத் தந்தாவ. நீ ஆபீஸ்லேந்து இன்னும் வரலன்னு அவிய சொல்லுதாவ. நான் என்ன செய்ய? வந்தேன்னு சொல்லாதிய மாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல அவிய."

அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. அப்படியானால் மறுநாள் பெஞ்சிலிருந்து எழுந்து, அம்மைக்கு எப்படி இருக்கு என்று கேட்டபோது இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் படியிறங்கிப் போயிருக்கிறாள்.

"எங்கட்டி போன அன்னைக்கு?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இவ்வளவு காலம் பொறுத்துவிட்டோம், இனியாவது தெரிந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டாள்.

"ஒரு வேலைக்கு இன்டர்வியூ. ஃபோர்ட்ல" என்றேன். "உனக்குத் தெரிஞ்சா நீயும் வருவே. நீ என்னைவிட வேகமா அடிப்பே. அதான் சொல்லலை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தாள். "அரே, இதுக்குத்தானா? நான் வேற என்னெல்லாமோ நெனச்சு வச்சிருந்தேன், எவனையோ பாக்கப் போயிட்டியோன்னு. அது சரிதானட்டி. இருக்கது ஒரு எடம். ஒரு எடத்துல ரெண்டு பேரு எப்பிடி உக்கார முடியும்? நானா இருந்தாலும் சொல்லிருக்க மாட்டேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். அவளே சொல்லிவிட்டாள், நான் தலையை ஆட்டினால் போதும். சாயாவைக் குடித்துவிட்டு, இரண்டு பேரும் சிரித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்த ஃபோர்ட் ஆபீஸ் இப்போது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. அவள் போய் விசாரிக்கப் போவதில்லை. தலையை ஆட்டத்தான் போனேன். கழுத்து அசையவில்லை.

"ரெண்டு இடம்" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு டைப்பிஸ்ட் கேட்டிருந்தாங்க. ரெண்டு இடம் இருந்தது."

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கையில் இருந்த பூண்டை உரிக்காமல் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு எடமா" என்றாள். அப்புறம், என்னிடம் சொல்வது போலவே இல்லை, "அப்பம் நம்ம ரெண்டு பேரும் சேந்தே போயிருக்கலாமே" என்றாள்.

சாயா ஆறிவிட்டது, குடி என்றாள். குடித்தேன். புறப்படும்போது பார்த்துப் போ என்றாள்.

இரண்டு ஞாயிறு போய்விட்டது. போன் வரவில்லை. நானும் செய்யவில்லை, நாலைந்து முறை எடுத்துக் கீழே வைத்தேன். கார்டை மன்னித்தாள், மேனேஜர் அறையில் நான் சொன்னதை மன்னித்தாள், அச்சில் போட்டு ஊருக்கெல்லாம் அவளைத் துரோகி ஆக்கியதைக்கூட மன்னித்தாள். அந்த இரண்டாவது நாற்காலியை அவளால் மன்னிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. செயலாளர் அடுத்த மலருக்குக் கதை கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் கூப்பிடவில்லை. இருந்தாலும் கோயில் முடிந்து அவள் வருகிற நேரத்துக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. யோசித்தால் நான் மறுபடியும் கதைதான் சொல்வேன்.